கொப்பி இரண்டு, கணக்கு ஒன்று

"தோட்டத்து ஆட்களுக்கு இனியும் கடன் கொடுப்பதா? கொப்பியை மூடிவிடுவதா?"

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் சில்லறைக் கடை வைத்திருக்கும் எம்மவர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் பேச்சு கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. வாப்பாவின் கடையைப் பொறுப்பேற்ற பிள்ளைகள் கொப்பியை மூடச் சொல்கிறார்கள். அவர்களிடமும் நியாயம் இருக்கிறது. புறக்கோட்டை மொத்த வியாபாரி முன்புபோல் இரண்டு மாதத் தவணையில் சாமான் அனுப்புவதில்லை. கொடுத்த காசோலை திரும்பினால் பெயர் கெட்டுப்போகும். அப்படியிருக்க மலைக்கு மேலே லயத்தில் இருப்பவருக்கு ஒரு மாதக் கடன் எதற்கு என்பது அவர்களது வாதம்.

முப்பது வருடங்களுக்கு மேலாகத் தோட்டத்து வாடிக்கையாளர்களுடன் வியாபாரம் செய்தவன் என்ற வகையில் எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொப்பியை மூடுவது நட்டம். இப்போது பல கடைகளில் இருக்கும் விதத்திலேயே அதைத் தொடர்வதும் நட்டம். அதைத் திருத்தி வைத்திருப்பதுதான் வியாபாரம். திருத்துவதற்கு முன்னர் தோட்டத்து மக்கள் பணத்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதை நாம் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்த அவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழிகளைப் பார்த்தால் எமது கணக்குப்பிள்ளைமாரும் ஆச்சரியப்படுவார்கள்.

பத்தாம் திகதியில் பிறக்கும் மாதம்

எமக்கு மாதம் முதலாம் திகதி பிறக்கிறது. தோட்டத்தில் அது பத்தாம் திகதி பிறக்கிறது. பெரும்பாலான தோட்டங்களில் சம்பளம் பத்தாம் திகதியளவில் கிடைக்கும். இருபத்தைந்தாம் திகதியளவில் ஒரு சிறிய அட்வான்ஸ் கிடைக்கும். ஒரு நாள் வேலை செக்ரோலில் பதிவதை அவர்கள் 'பேர்' என்பார்கள். குறித்த அளவு கொழுந்து பறிக்காவிட்டால் அது 'அரைப் பேர்' ஆகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த வீதத்தில் மாதம் இருபது பேர் போட்டால் 27,000 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதம், அதாவது 2,160 ரூபா கழியும். பிறகு சங்கச் சந்தா, கோயில் சந்தா, தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்தின் தவணை. மீதிதான் வீட்டுக்கு வரும். சிறிய தனியார் தோட்டங்களிலோ நாட்கணக்கே கிடையாது, கிலோக் கணக்குத்தான்.

இதற்கு மேல் வானமும் கணக்கில் சேரும். கேகாலைப் பக்கம் இறப்பர் தோட்டங்களில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் யட்டியாந்தோட்டை, தெரணியகலை பக்கங்களில் பேர் குறைந்துவிடும். தேயிலைக்கு வருட ஆரம்பத்து வரட்சி எதிரி. கொழுந்து இல்லாவிட்டால் மேலதிக கிலோவுக்குக் கிடைக்கும் காசும் இல்லை.

இதை அறிந்த கடைக்காரருக்கு ஜூன் மாதத்தில் கடன் ஏறுவது அதிர்ச்சியாக இராது. அறியாதவர் "ஏமாற்றுகிறார்கள்" என்பார். வாடிக்கையாளரின் வருமானம் எந்த மாதத்தில் ஏறி எந்த மாதத்தில் இறங்கும் என்று தெரியாமல் கடன் கொடுப்பது, ஆழம் தெரியாமல் களு கங்கையில் இறங்குவது போன்றது.

ஆனால் இந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அந்தப் பெண்கள் குடும்பத்தை ஓட்டுகிறார்கள். சம்பள நாளில் முதலில் அரிசி, கோதுமை மா, பருப்பு, கருவாடு. ஒரு கிலோ மாவில் எத்தனை ரொட்டி, அது எத்தனை பேருக்கு எத்தனை வேளை என்ற கணக்கு அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். நாம் வீசியெறியும் பால் டின் அவர்களுக்கு அரிசி அளக்கும் படி. வெறும் உரப்பை ஒன்று கழுவிக் காய்ந்தால் பாயாகும், மழைக்கு மறைப்பாகும், விறகு கட்டவும் உதவும். பொருள் ஒன்று, பயன் நான்கு. எம்மில் எத்தனை பேர் கடையிலுள்ள சரக்கை இப்படிப் பயன்படுத்துகிறோம்?

வெள்ளத்தில் போகாத கணக்கு

பழைய கடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு கொப்பி. ஒன்று கடையில் இருக்கும். மற்றது வாடிக்கையாளரின் கையில் இருக்கும். சாமான் வாங்கும்போது இரண்டிலும் எழுத வேண்டும். திகதி, பொருள், அளவு, விலை எல்லாம் எழுதி, வாடிக்கையாளருக்கு எழுத்து வாசனை இல்லாவிட்டால் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். பல வீடுகளில் பாடசாலை போகும் பிள்ளைதான் அந்தக் கொப்பியின் கணக்காய்வாளர்.

அல்குர்ஆனில் மிக நீளமான வசனம் எது தெரியுமா? தொழுகையையோ நோன்பையோ பற்றியதல்ல. கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தொகை சிறிதோ பெரிதோ தவணையுடன் எழுத வேண்டும், சாட்சி இருக்க வேண்டும், கடன் வாங்குபவர் சொல்லச் சொல்ல நீதமாக எழுதப்பட வேண்டும் என்பதெல்லாம் அதில் விபரமாக வருகிறது. கடன் கொடுத்தவர் தன் விருப்பத்துக்கு எழுதி வைத்துக்கொள்வதல்ல அங்கே சொல்லப்படும் முறை. எமது முன்னோரின் இரட்டைக் கொப்பி அந்தப் போதனைக்கு மிக நெருங்கிய ஏற்பாடு எனலாம்.

அதன் பெறுமதி 2003 மே மாதத்தில் தெரிந்தது. அந்த வெள்ளத்தில் இரத்தினபுரி நகரம் மூழ்கியதை எவரும் மறக்கமாட்டார்கள். எனது நண்பர் ஒருவரின் கடைக்குள் கூரை மட்டத்துக்குத் தண்ணீர். அரிசி, மா, சீனி எல்லாம் போய்விட்டன. அதைவிடப் பெரிய இழப்பு, சுமார் அறுபது தோட்டக் குடும்பங்களின் கடன் கொப்பிகள் சேற்றுக் கட்டியாகிப் போனது. மனிதர் இடிந்துபோனார். யாரிடம் எவ்வளவு என்று எதைக் காட்டிக் கேட்பது?

வெள்ளம் வடிந்து ஒரு கிழமைக்குள் மலைத் தோட்டமொன்றிலிருந்து ஓர் ஆச்சி இறங்கி வந்தார். ஷொப்பிங் பைக்குள் பத்திரமாகச் சுற்றி வைத்த கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"நாநா, ஒங்க கொப்பி தண்ணியில போயிருக்கும். என்னோடது இருக்கு. இதப் பாத்து எழுதிக்கங்க."

அந்த மாதச் சம்பளம் முடிவதற்குள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். அறுபதில் நாலைந்து பேர்தான் வராமல் போனவர்கள். அவர்களில் சிலர் ஏற்கெனவே வேலை தேடிக் கொழும்புக்குப் போயிருந்தார்கள். நண்பர் அந்தக் கணக்குகளைக் காட்டித்தான் மொத்த வியாபாரியிடம் அவகாசம் கேட்டார். மீண்டும் கடை திறந்தார். இன்றைக்குக் கணினியில் வேலை செய்யும் பிள்ளைகள், தரவின் பிரதியொன்றை வேறிடத்தில் பாதுகாக்க வேண்டும் என்று பாடம் படிக்கிறார்கள். எமது கடைகளில் அந்தப் பிரதி லயத்துக் காம்பராவின் கூரை வளையில் செருகப்பட்டிருந்தது.

கடன் சங்கிலியான காலம்

கடன் எப்போதும் இப்படி நம்பிக்கையாக இருக்கவில்லை என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி வந்த காலத்தில், வழிச்செலவு முதல் சோற்றுச் செலவு வரை தொழிலாளியின் தலையில் கடனாக ஏற்றப்பட்டது. ஒருவர் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். அவரது கடன் இவ்வளவு, இதைத் தீர்த்தால் ஆளை விடலாம் என்று எழுதப்பட்ட சீட்டு அது. கடனோடு மனிதனும் கைமாறினான். இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அந்தக் கடனில் என்ன குறை? கணக்கு ஒருவர் கையில் மட்டுமே இருந்தது. எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழிந்தது என்று தொழிலாளிக்குத் தெரியாது. தெரியாத கடன் ஒருபோதும் தீராது.

இதை நான் சரித்திரம் படிப்பிக்க எழுதவில்லை. இன்றும் சில இடங்களில் வாடிக்கையாளரின் வங்கி அட்டையைக் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொள்கிறார். சம்பளம் வங்கிக்கு வந்ததும் தானே எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறார். கொப்பி கடையில் மட்டும் இருக்கிறது. விலை மாத முடிவில்தான் எழுதப்படுகிறது. துண்டு ஒழிந்து ஒரு நூற்றாண்டு கடந்தும் அதை எமது கல்லாப் பெட்டிக்குள் நாம் வைத்திருக்கலாமா? அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோருக்கு எதிராக 'முதஃப்பிஃபீன்' என்று ஒரு அத்தியாயமே இறங்கியிருப்பதை ஓதுகிறவர்கள் நாம்.

நூற்றி எண்பத்தாறு ரூபா

1981 ஓகஸ்ட்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழ் மக்கள் மீது வன்செயல்கள் நடந்தன. 1977இலும் அப்படித்தான். லயங்கள் எரிந்தன. பல குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போயின. எனது வாப்பாவின் கடைக் கொப்பிகளில் பல அப்படியே நின்றுபோயின. வாப்பா அவற்றைக் கிழிக்கவில்லை. கோடு போட்டு மூடவும் இல்லை. "போனது அவங்க விருப்பத்துல இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

யுத்தம் முடிந்து 2010இல் ஒருநாள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கடைக்கு வந்தார். வாப்பாவின் பெயரைச் சொல்லி விசாரித்தார். வாப்பா அப்போது மௌத்தாகியிருந்தார். வந்தவர் தன் தாயின் பெயரைச் சொன்னார். தாய் வன்னியில் இறந்துவிட்டதாகவும், றக்வானைப் பாதையில் நாநா கடையில் 186 ரூபா கடன் இருக்கிறது, என்றைக்காவது போனால் கொடுத்துவிடு என்று பல தடவை சொன்னதாகவும் கூறினார். பழைய பெட்டியைத் திறந்து பார்த்தேன். கொப்பியிலும் 186தான்.

1981இல் அது ஒரு குடும்பத்துக்கு நல்ல தொகை. 2010இல் ஒரு பால்மாப் பைக்கற்றுக்கும் போதாது. ஆனாலும் அதை வாங்கிக்கொண்டு இரண்டு பேருக்கும் முன்னால் கணக்கைத் தீர்த்து எழுதினேன். மையித்தின் கடனைத் தீர்ப்பது எவ்வளவு முக்கியம் என்று எமது மார்க்கம் சொல்லித் தந்திருக்கிறது. அந்தத் தாய்க்கு எவரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரது குடும்ப ஒழுக்கமே அதுதான். இருபத்தொன்பது வருடம் ஒரு கடனை மறக்காத மக்களைத்தான் நாம் "நம்பலாமா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வட்டியில்லா வங்கி

தோட்டத்துப் பெண்களின் சீட்டு முறையை எம்மவர்கள் சாதாரணமாக நினைக்கிறார்கள். பன்னிரண்டு பெண்கள் மாதம் 5,000 ரூபா வீதம் போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 60,000 ரூபா கையில் கிடைக்கும். யாருக்கு எந்த மாதம் என்பது குலுக்கலில் முடிவாகும். முதலில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாத கடன். கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. நடுவில் ஒரு வீட்டில் மகள் பெரியபிள்ளையாகிவிட்டால், அல்லது மரணம் நடந்தால், அடுத்த மாதத்துக்குரியவர் தன் முறையை விட்டுக்கொடுப்பார். எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. ஒரு தடவை காசு கட்டாமல் ஏமாற்றியவரை அதற்குப் பிறகு எந்தச் சீட்டிலும் சேர்க்கமாட்டார்கள். ஒரே வரிசை லயத்தில் ஒரே பீலியில் தண்ணீர் எடுப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை தேவையில்லை.

இது எமது நாட்டில் மட்டும் உள்ள ஒன்றல்ல. எகிப்தில் 'ஜம்இய்யா' என்பார்கள், பாகிஸ்தானில் 'கமிட்டி', எதியோப்பியாவில் 'எக்குப்', கென்யாவில் 'சாமா'. பெயர்தான் வேறு. எல்லோரும் சமமாகப் போட்டு, சமமாக எடுக்கும் இந்த முறையில் வட்டி நுழைவதில்லை. தமிழ்நாட்டில் பெரிதாக நடக்கும் ஏலச்சீட்டு வேறு. அங்கே அவசரத்தில் இருப்பவர் தொகையைக் குறைத்து எடுக்கிறார். விட்ட தொகை மற்றவர்களுக்கு இலாபமாகப் பிரிகிறது. அந்த இலாபம் வட்டியின் வேலையைத்தான் செய்கிறது. எம்மவர்கள் சீட்டுப் பிடிக்கும்போது இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

மொய்யும் அப்படியே. கலியாணத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்கிறார்கள். இவர்களது மூதாதையரில் பலர் வந்த புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கக் கிராமங்களில் பணத்தேவை உள்ளவர் ஆடி மாதத்தில் 'மொய் விருந்து' வைத்து முதலீடு திரட்டுவது இன்றும் வழக்கம். 2024 ஓகஸ்டில் திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை, வயநாடு நிலச்சரிவில் பாதிக்கப்பட்டவர்களுக்காக அதே முறையில் மொய் விருந்து வைத்தது. சாப்பிட்டவர்கள் பில்லுக்குப் பதிலாக மனம்போல் பணம் வைத்துவிட்டுப் போனார்கள். பழைய வழக்கமொன்றைப் புதிய தேவைக்குத் திருப்பிவிடும் இந்தப் புத்திதான் வியாபாரிக்கும் வேண்டும்.

2022 சோதித்த சோதனை

2022இல் இந்த முறைகள் அனைத்துக்கும் பரீட்சை வந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் பணவீக்கம் கொழும்பு விலைச் சுட்டெண்படி 94.9 வீதம். தோட்டத்து மக்களின் பிரதான உணவான கோதுமை மா கிலோ 300 ரூபாவைத் தாண்டியது. நாட்சம்பளமோ அதே 1,000 ரூபா.

கடைக்காரரின் நிலை இன்னும் சிக்கல். பத்தாம் திகதி திரும்பி வந்த கடன் காசுக்கு, முன்பு கொடுத்த அதே அளவு சாமானைத் திருப்பி வாங்க முடியவில்லை. கணக்கில் கடன் தீர்ந்தது. இறாக்கையில் சரக்குக் குறைந்தது. சிலர் தாமதித்தவர்களிடம் மேலதிகமாக அறவிட்டார்கள். அது வட்டி. சிலர் கொப்பியை ஒரேயடியாக மூடினார்கள். அந்த வாடிக்கையாளர்களில் பலர் வாராந்தம் வீடு தேடி வரும் கடன் கம்பனிகளிடம் போனார்கள். அந்தக் கடன்கள் பெண்களை எவ்வளவு வாட்டின என்பதை இலங்கை ஏற்கெனவே கண்டிருந்தது. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்று நீக்க வேண்டிய நிலை வந்தது. தவணை கட்டப் பணம் போனால் கடைக்கு வரும் பணம் குறையும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதல்ல.

மூன்றாவது வகைக் கடைக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் கொப்பியைச் சுருக்கினார்கள். அரிசி, மா, பருப்பு, பால்மா மட்டும் கடனுக்கு, மற்றவை காசுக்கு. மாதம் ஒரு தடவை தீர்ப்பதற்குப் பதிலாகப் பத்தாம் திகதியும் அட்வான்ஸ் நாளும் என இரண்டு தடவை. இப்படித் தவணை குறைந்ததால் விலையேற்றத்தின் அடியும் குறைந்தது. 2022ஐத் தாண்டி வந்த கடைகளை நான் பார்த்தவரையில், அவற்றில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை.

எப்படித் திருத்துவது?

முதலாவது, இரட்டைக் கொப்பியை மீண்டும் கொண்டுவாருங்கள். கடையில் கணினி இருந்தாலும் வாடிக்கையாளர் கையில் எழுத்து இருக்க வேண்டும். அன்றைய பக்கத்தை அவரது போனில் படமெடுத்துக் கொடுத்தாலும் போதும்.

இரண்டாவது, விலையைச் சாமான் கொடுக்கும்போதே எழுதுங்கள். கடன் விலை இதுதான் என்று முன்கூட்டியே பேசி, அந்த ஒரே விலையில் முடிப்பதைப் பெரும்பாலான உலமாக்கள் அனுமதித்திருக்கிறார்கள். தவணை தவறியதற்காகப் பிறகு கூட்டுவதுதான் ஹராம்.

மூன்றாவது, எல்லை வையுங்கள். ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், சராசரியாக எத்தனை பேர் விழுகிறது என்று கேளுங்கள். கையில் வரும் சம்பளத்தின் பாதிக்கு மேல் கடன் ஏறவிடாதீர்கள். ஏறினால் அவருக்கும் கஷ்டம், எமக்கும் கஷ்டம்.

நான்காவது, வங்கி அட்டையையோ அடையாள அட்டையையோ ஈடாக வாங்காதீர்கள். வாங்கி வைத்திருப்பவர்கள் இன்றே திருப்பிக் கொடுங்கள்.

ஐந்தாவது, கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்பகரா 280ஆம் வசனம் சொல்கிறது. மழை மாதங்களில் அதை நினைவில் வையுங்கள். ரமழானில் ஸகாத் கணக்குப் பார்க்கும்போது கொப்பியையும் எடுத்து வையுங்கள். திரும்பி வரும் என்று உறுதியான கடனும் கணக்கில் சேரும் என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. உங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடம் விபரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவர்களின் தாய்மார் கையில் காசு புழங்கத் தொடங்கியிருக்கிறது. டவுனில் பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளும் வந்துவிட்டன. குளிரூட்டியும் கழிவு விலையும் அங்கே இருக்கின்றன. அவற்றோடு விலையில் போட்டியிட எம்மால் முடியாது. மழை மாதத்தில் மாவும் பருப்பும் கொடுத்து, கணக்கை நேர்மையாக எழுதிய கடை எது என்பதை அந்தத் தாய்மார் மறக்கமாட்டார்கள். கொப்பியை மூடுவதா என்று யோசிக்கும் சகோதரர்கள், மூடுவதற்கு முன் அதன் மற்றப் பிரதி வாடிக்கையாளர் கையில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் முதல் வேலை அதை எழுதிக் கொடுப்பதுதான்.